கனவில் தெரிந்த கறுப்பு

எங்கள் ஜனங்களிடம் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு மரியாதையான வழி ஒன்று இருந்தது. நிறம் கம்மி என்றோ வீடு சின்னது என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். ‘இஸ்திகாரா சரியா வரல’ என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்கு மேல் பெண் வீட்டார் வாய் திறக்க முடியாது. மாப்பிள்ளையின் அம்மாவோடு சண்டை போடலாம், நடுவில் நின்று பேசியவர்களோடு போடலாம். அல்லாவோடு யார் போடுவது?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனம் தவிக்கும்போது, இரண்டு ரக்அத் தொழுது, இறைவனிடம் வழி கேட்பதுதான் இஸ்திகாரா. அதில் ஓதும் துஆவைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். நீ அறிவாய், நான் அறியேன், இது எனக்கு நல்லதென்றால் எளிதாக்கிக் கொடு, கெட்டதென்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பிவிடு என்று வரும். கனவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் இஸ்திகாரா என்றாலே கனவுதான். வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் நல்லது. கறுப்போ சிவப்போ தெரிந்தால் விட்டுவிட வேண்டும். தாங்களாகத் தொழச் சோம்பல்படுகிறவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்கள். பாவம், அவர் எத்தனை வீட்டுக் கனவைத்தான் காண்பார்.

எங்கள் வீடு சாயப்பட்டறை வீடு. அத்தாவும் அண்ணனும் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். முள்ளிப்பட்டு ஊர்த் தறிகளுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகள் நூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த முற்றத்தில் மூங்கில்களைக் கட்டி, சாயம் ஏறிய நூல் சிட்டங்களை அதில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். வீட்டுக்குள் வருகிறவர்கள் அவற்றின் நடுவே குனிந்துதான் வர வேண்டும்.

அத்தாவும் இஸ்திகாரா தொழுவார். புதிய முதலாளியிடம் வேலை எடுப்பதா, பட்டறைக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்றெல்லாம் அவருக்குக் கேட்க வேண்டியது இருக்கும். தொழுதுவிட்டு மறுநாள் காலையில் வழக்கம்போல அண்டாவுக்கு அடியில் தீ மூட்டப் போய்விடுவார். கனவு ஏதாவது வந்ததா என்று அம்மா விடாமல் கேட்பாள்.

“தூக்கம் வந்துச்சி” என்பார் அத்தா.

எழுபதுகளின் கடைசியில் ஆற்காட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பேச்சை ஆரம்பித்து வைத்தது பெரியம்மா. அம்மாவின் அக்கா அவள். நிக்காஹ் பேசி முடிப்பதில் அவளுக்கு அலாதி ஆசை. எனக்கு அப்போது பத்தொன்பதோ இருபதோ. மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சாய நெடி இல்லாத ஒரு வீட்டில் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் அதில் பெரிய பங்கு. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நெடியில்தான் நாங்கள் சோறு தின்றோம்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வந்த நாளில் கறுப்பு நூல் காய்ந்துகொண்டிருந்தது. கறுப்புப் புடவைக்கு ஏதோ பெரிய வேலை வந்திருந்தது. முற்றம் முழுக்கக் கறுப்புச் சிட்டங்கள், இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு. அந்த அம்மாள் தன் வெள்ளைத் துப்பட்டியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு அதன் நடுவே வந்தாள். “பாத்து வாங்க, பட்டுடப் போவுது” என்று அம்மா முன்னால் ஓடினாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாள் துப்பட்டியின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குர்ஆன் ஓதி முடித்திருக்கிறேனா, பிரியாணிக்கு எத்தனை தண்ணீர் வைப்பேன் என்று கேட்டாள். நான் சரியாகத்தான் சொன்னேன். நல்ல முகமாகத்தான் போனார்கள்.

அடுத்த வாரம் பெரியம்மா வந்தாள். வாசலிலேயே அவள் முகம் சரியில்லை.

“இஸ்திகாராவுல சரியா வரலியாம். அந்தம்மா தொழுதுட்டு படுத்தாங்களாம். கனவுல ஒரே கறுப்பா தெரிஞ்சுதாம்” என்றாள்.

அம்மாவின் முகம் அப்படியே இறங்கியது. “அல்லா நாடல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியம்மாவுக்கு டீ போடப் போனாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. ஒரு பொம்பளை என்னைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் அது அவளோடு போயிற்று. இது அப்படி இல்லையே. என்னைப் பற்றி மேலே கேட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து கறுப்பு என்று பதில் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த குடும்பம் எங்களுக்கு நெருக்கம். அந்த வீட்டம்மா விசாரிக்க வந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

“அது இன்னாங்க அது? எங்க கோயில்ல பூ வச்சி கேக்கறா மாதிரியா?” என்றாள் அவள்.

“அதே மாதிரிதான்னு வச்சிக்கயேன்” என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டம்மா என் பக்கம் திரும்பி என் கன்னத்தைத் தடவினாள். “சாமியே வாணாம்னு சொல்லிடுச்சி, இன்னாத்த பண்றது. வுடு கண்ணு” என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். நான் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை.

அல்லா என்னிடம் அப்படி எதைப் பார்த்தான் என்று உட்கார்ந்து யோசித்தேன். தேடினால் கிடைக்காமலா போகும்? நோன்பு மாதத்தில் ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்டிருக்கிறேன். தொழுகைக்குக் கை கால் கழுவிச் செய்த ஒளு முறிந்தது தெரிந்தும், எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தொழுகை வரிசையில் நின்றிருக்கிறேன். விடியற்காலையில் பஜர் தொழாமல் தூங்கிவிட்டு, தொழுதேன் என்று அம்மாவிடம் புளுகியிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதுதானா, இதுதானா என்று பார்த்தேன். எல்லாமே காரணமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வேளையும் தவறாமல் தொழுதேன். ஆனால் தொழுது முடித்துக் கையேந்தும்போது வாய் வராது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் வெறும் கையை ஏந்தியபடி உட்கார்ந்திருந்துவிட்டு முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுவேன். வேண்டாம் என்று சொன்னவனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? வெட்கம் பாதி, கோபம் பாதி. கோபத்தை ஒத்துக்கொள்ளப் பயமாக இருந்ததால் எல்லாவற்றையும் வெட்கம் என்றே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெண் கேட்டு இன்னும் சில பேர் வந்தார்கள். யாராவது வருகிறார்கள் என்றால் அம்மா முதலில் முற்றத்தைத்தான் பார்ப்பாள். கறுப்பு காய்ந்துகொண்டிருந்தால் அத்தாவிடம் சண்டை போட்டுப் பட்டறைக்குள் எடுத்து வைக்கச் சொல்வாள். ஈர நூலைக் காற்றில்லாத இடத்தில் போட்டால் கெட்டுவிடும் என்று அத்தா முனகுவார், ஆனாலும் எடுத்து வைப்பார். அப்படியும் வருஷக்கணக்கில் எதுவும் அமையவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு முப்பது தாண்டியது. கடைசியில், அவனுக்காவது பார்ப்போம் என்று வீட்டில் முடிவானது. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் நடமாடினான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன்.

தேசூரில் ஒரு பெண் இருப்பதாகப் பெரியம்மா சொன்னாள். தையல்காரர் மகள். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் வந்தவாசியில் பஸ் மாறிப் போனோம். வீடு சிறியது, சுத்தமாக இருந்தது. பெண் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தாள். கேட்டதற்குப் பயப்படாமல் பதில் சொன்னாள். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். தலாக் ஆகி வீட்டோடு வந்துவிட்டவள். பெரியம்மாவுக்கு அது முன்பே தெரியும், எங்களிடம் சொல்லவில்லை. பெண்ணின் அம்மா மறைக்காமல் சொன்னாள்.

அந்த அக்காதான் தட்டில் நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். ஒரு டம்ளரை எடுத்து முதலில் அம்மாவிடம் நீட்டினாள்.

“அங்க வைம்மா” என்றாள் அம்மா.

அவள் பக்கத்தில் தரையில் வைத்தாள். நான் குடித்தேன். பெரியம்மா ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தாள். அம்மாவின் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொன்னாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. தெள்ளார் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

“ஒருத்தி திரும்பி வந்து உக்காந்துகினு இருக்கிற வீடு. நாளைக்கி நமக்கு அந்தப் பேச்சு வாணாம்” என்றாள்.

“சரி, இன்னான்னு சொல்லட்டும்?” என்றாள் பெரியம்மா.

“இஸ்திகாராவுல சரியா வரலன்னு சொல்லிடு. கறுப்பா தெரிஞ்சுதுன்னு சொல்லு.”

“அது போதும். அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டாங்க.”

பெரியம்மா இதைச் சொன்ன விதம், கடையில் எடை சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள். அம்மா வெற்றிலையை எடுத்தாள். வீட்டுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. தொழ முஸல்லா விரிக்கவில்லை. கண் மூடவில்லை. கறுப்பு மட்டும் வந்துவிட்டது.

“எனக்கும் இப்பிடித்தான் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். “பஸ்ஸுல இன்னா பேச்சு” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“எனக்கு அப்பவே தெரியும்டி. அந்தம்மாவுக்கு சாயக்காரங்க வீடு புடிக்கல. வந்து நின்னதுமே தெரிஞ்சிப்போச்சி. நூல பாத்துட்டுப் போயிதான் அந்தக் கறுப்ப சொல்லி அனுப்பிச்சா.”

“தெரிஞ்சிகினே ஏன் எங்கிட்ட சொல்லல?”

“மனுசன் வாணாம்னு சொன்னாதான் வலிக்கும். அல்லா நாடலன்னு நெனச்சிகினா மனசு ஆறிடும். உன் நல்லதுக்குத்தான் வுட்டேன்.”

அவள் அதை நிஜமாகவே நம்பினாள். அதனால் கத்தக்கூட என்னால் முடியவில்லை. எனக்கு அது தலைகீழாக இருந்தது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் இத்தனை வருஷம் கூசிப்போய் உட்கார்ந்திருந்தது, யாரும் கேட்காத கேள்விக்கு யாரும் சொல்லாத பதிலுக்காக. அல்லா என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவனோடு நான் பேச்சை முறித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் முதல் வெட்கத்தைவிடப் பெரியது.

வேண்டாம் என்பதை நடுவில் நின்று பேசியவர்கள் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. கூட வரமாட்டேன் என்றாள் அம்மா. பெரியம்மாவுக்குத் துணையாக நான் போகிறேன் என்றேன். அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் தடுக்கவில்லை. என் மனதில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெண் என்னைப் போல ஆகக்கூடாது. ரேடியோ கேட்டேனே, தூங்கிப்போனேனே என்று அவள் தன்னையே தோண்டிக்கொண்டு உட்காரக்கூடாது. அவளைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போது எனக்கு என்னைப் பற்றி ஓரளவு பெருமையாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பெரியம்மா உள்ளே உட்கார்ந்து பெண்ணின் அம்மாவோடு ஊர் சமாச்சாரம் பேசிக்கொண்டிருந்தாள். பெண் கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பெரியம்மா இஸ்திகாரா சரியா வரலன்னு சொல்லப் போறாங்க. அத நம்பாத. எங்க வீட்டுல யாரும் தொழுகல. எங்கம்மாவுக்கு உங்கக்கா விஷயம் புடிக்கல, அவ்ளோதான். அல்லா உன்ன ஒண்ணும் சொல்லல” என்றேன்.

அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை. ஒரு காம்பை உருவி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் தொழுதேங்கக்கா” என்றாள்.

“இன்னாத்த?”

“இஸ்திகாராதான். நீங்க வந்துட்டுப் போன அன்னிலேர்ந்து தொழுதுகினுதான் இருக்கேன். எனக்கு சரியா வரல. அத்தாகிட்ட எப்டி சொல்றதுன்னு முழிச்சிகினு இருந்தேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பெண் வீட்டில் இஸ்திகாரா தொழுது நான் கேள்விப்பட்டதில்லை. அதிலும் பெண்ணே தொழுவது. எங்களுக்கு அது மாப்பிள்ளை வீட்டார் சமாச்சாரம். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் பதிலுக்குக் காத்திருப்போம். முட்டாள்தனமாக, “கனவு ஏதாவது வந்துச்சா?” என்றேன்.

“கனவெல்லாம் ஒண்ணும் வரலக்கா. தொழுதுட்டு எழுந்தா அந்த டம்ளருதான் மனசுல வந்து நிக்கிது. எங்கக்கா குடுத்தத உங்கம்மா கையில வாங்கல. அந்த வீட்டுக்கு நான் வந்துட்டா எங்கக்கா என்ன எப்டி வந்து பாக்கும்? எத்தினி வாட்டி தொழுதாலும் மனசு அங்கதான் போவுது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த டம்ளரை நானும் பார்த்தேன். என் டம்ளரைக் குடித்து முடித்தேன்.

அவள் என் மேல் கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சாதாரணமாக, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

“உங்களுக்குக் கேட்டு வந்தப்ப நீங்க தொழுகலியாக்கா?”

அந்த துஆ எனக்கு முழுவதும் மனப்பாடம். நான் அறியேன், என்னைத் திருப்பு என்றுதான் அதில் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் அறியமாட்டார்கள், அவர்களைத் திருப்பு என்றா வருகிறது? ஆற்காட்டில் யாரோ ஒரு அம்மாள் தொழுது எனக்குப் பதில் வாங்கித் தருவாள் என்று காத்துக்கொண்டிருந்தேனே தவிர, நானே போய்க் கேட்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

உள்ளே பெரியம்மா தொண்டையைச் செருமுவது கேட்டது. நாங்கள் எழுந்து போனோம்.

“எங்க தங்கச்சி இஸ்திகாரா தொழுது பாத்தாங்க” என்று பெரியம்மா ஆரம்பித்திருந்தாள். “இன்னாமோ கறுப்பா…”

பெண்ணின் அம்மா முகம் அப்படியே இறங்கியது. ஆற்காட்டுக் கனவைக் கேட்ட அன்று என் அம்மாவின் முகத்தில் பார்த்த அதே இறக்கம். மூலையில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா, ஊசியை நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். காரணம் யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

“அம்மா, நானும் தொழுதேன்” என்றாள் பெண். அவள் கையில் இன்னும் கீரை இருந்தது. “எனக்கும் அந்த எடம் சரியா வரல. சொல்லணும்னுதான் இருந்தேன்.”

பெரியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை நிக்காஹ் பேசியவள், இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. பெண்ணின் அம்மா தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையை நிமிர்த்தினாள். சர்பத் தரவில்லை. ஆனால் வாசல்வரை வந்து மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள்.

பஸ்ஸில் பெரியம்மா வந்தவாசிவரை பொருமிக்கொண்டு வந்தாள். “பொண்ணா அது? இவ தொழுதாளாம், இவளுக்கு வரலியாம். நல்லவேள, தப்பிச்சோம்.”

“அவ தொழுதா. நாம தொழுகல” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் சிவப்பு நூல் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“அந்தப் பொண்ணுக்கு இஸ்திகாராவுல சரியா வரலியாம்.”

“யாருக்கு? நம்ம வீட்டுக்கா?”

“ஆமா.”

அம்மாவின் கண் தானாக முற்றத்து மூங்கில்களின் பக்கம் போனது. குரல் இறங்கிவிட்டது. “இன்னா தெரிஞ்சுதாம்?” என்றாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. என்னிடம் அப்படி எதைப் பார்த்தான் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்ட அதே குரல். அம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

“கனவு எதுவும் இல்லம்மா. அந்த அக்கா குடுத்த டம்ளர நீ கையில வாங்கல. அதான்.”

அம்மா உள்ளே போய்விட்டாள். அந்தித் தொழுகைக்கு மஹ்ரிப் பாங்கு கேட்டதும் ஒளு செய்துவிட்டு வந்தாள். நானும் செய்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். தொழுது முடித்து ரெண்டு பேரும் கையேந்தினோம். எப்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும் அவளுக்கு அன்று உதடு அசையவில்லை.

எனக்கும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டு இத்தனை நாளாகிவிட்டது, ஆரம்பிக்கும் இடமே மறந்துவிட்டது. மாப்பிள்ளை வேண்டும் என்றா, அம்மாவை மன்னித்துவிடு என்றா? எதுவும் வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் அதைத்தான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ரப்பே என்று.